உள்ளே திறக்கும் கதவு

கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குளியலறைக்கு ஜன்னல் வைக்க மறந்தவனிடம், "குளிக்கப் போறாங்களா, வேகப் போறாங்களா?" என்று கேட்பேன். மாடிப்படியைச் சமையலறைக்குள் இறக்கியவளிடம், "மேலருந்து நேரா சட்டிக்குள்ள குதிக்கவா?" என்பேன். விருதுநகரில் இருக்கும் எங்கள் பயிற்சி நிலையத்தில் இதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நாளைக்கு வேலைக்குப் போனால் இஞ்சினியர்கள் இதைவிட மோசமாகப் பேசுவார்கள், இங்கேயே பழகிக்கொள்ளட்டும் என்பது என் நியாயம்.

தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் மட்டும் என் கேலி பலிக்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்காரும் முன் எல்லோரையும் கையால் வரையவைப்பேன். அவள் வரைந்தால் சுவரின் கனம், தூணின் இடம், அளவுகள் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் அவசரமாக வரையச் சொன்னால் போதும், வீட்டின் கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை ஒரு வளைகோடு போட்டுக் காட்டுவது வழக்கம். அவள் போடும் வளைகோடுகள் அறைக்குள் இருக்காமல் நடையிலும் வாசற்படியிலும் வந்து விழும்.

"வர்ற விருந்தாளி மூக்க ஒடச்சு அனுப்பப் போறியாம்மா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அழித்துத் திருத்தினாள். அடுத்த வாரம் திரும்பவும் அதே கதைதான்.

சிவகாசியில் ஓர் இஞ்சினியர் ஆபீசில் ஆள் கேட்டார்கள். இவளைத்தான் அனுப்பினேன். உட்காரவைத்து ஒரு வீட்டுப் பிளான் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் குறைவு, பதற்றம் வேறு. குறுகலான நடையில் எதிரெதிரே இருந்த இரண்டு படுக்கையறைகளின் கதவுகளும் வெளியே திறந்து ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. "இன்னும் கொஞ்ச நாள் பழக்கி அனுப்புங்க" என்று இஞ்சினியர் போன் செய்தார். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. சீசன் நேரத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் வாசலருகே நின்றபடியே பேசினார்.

"அவளத் திட்டாதீக டீச்சர். தப்பு எம்மேலதான்."

கம்பெனியில் வேலை செய்கிற அறைகளின் கதவெல்லாம் வெளிப்பக்கம்தான் திறக்கும். ஏதாவது ஒன்று என்றால் தள்ளிக்கொண்டு ஓடிவிட வேண்டும் அல்லவா? பல வருஷம் முன்பு பக்கத்து அறையில் தீப்பிடித்தபோது இவர் அப்படி ஓடித்தான் பிழைத்திருக்கிறார். அதன் பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு, வீட்டுக் கதவுகளையும் வெளியே திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார். மகள் அப்போது கைக்குழந்தை. வளர்ந்ததெல்லாம் அந்தக் கதவுகளுக்குள்தான்.

"உள்ள இழுத்துத் தொறக்க அந்த நேரத்துல ஆகுமா? அந்தப் பயத்துல செஞ்சேன். அது இப்ப அவ பொழப்ப மறிச்சுக்கிட்டு நிக்கிது. எம் பின்னால அவளும் கம்பெனி வேன்ல ஏறிறக் கூடாது டீச்சர். எனக்கு அது ஒண்ணுதான்."

டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் நின்றுகொண்டே குடித்தார். வேறு ஆபீசுக்குச் சொல்லிவைக்கிறேன், அதுவரை சாயங்காலம் அவளைத் தனியாகப் பழக்குகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கடிகாரத்தை எதிரே வைத்து வரையவைத்தேன். காரியாபட்டியில் விவசாயி ஒருவருக்குத் தோட்டத்து வீடு, ஜவுளி வியாபாரி ஒருவருக்குக் கடைக்கு மேலே மாடி என்று நானே ஆட்களைக் கற்பனை செய்து கொண்டுவருவேன். கொஞ்சம் கொஞ்சமாக வளைகோடுகள் அறைக்குள் திரும்பின. எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக் கதவே இப்ப உள்ளதான் மேடம் தொறக்குது. எனக்குக் கை பழகணும்னு அம்மா ஆசாரிய வச்சு மாத்திட்டாக" என்றாள்.

அடுத்துப் போன ஆபீசில் அவளை எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது முற்றத்தில் தகரக் கூரையடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. தலையணை, மடித்த போர்வை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. எனக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று உட்காரப் போனேன்.

"உள்ள வாங்க மேடம், அது அம்மா படுக்கிறது" என்றாள் மகள். "கதவ மாத்துனதுல இருந்து அம்மா வீட்டுக்குள்ள படுக்கிறதே இல்ல."

"உள்ள படுத்தா ஒறக்கம் வர மாட்டேங்குது டீச்சர்" என்று அம்மா சிரித்தார். "அவ நல்லா ஒறங்குறா. எனக்கென்ன, இங்கன காத்து நல்லாருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சாப்பிட இலை முன் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டேன். அதுதான் வேலை கிடைத்துவிட்டதே, அவளுக்குக் கையும் பழகிவிட்டதே, நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுப் பழையபடி மாற்றுங்கள் என்றேன்.

"மாத்திக்கலாம் டீச்சர். வேலை நெலைக்கட்டும்" என்று சொல்லி, என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.