மீன்தொட்டியில் பிளீச்சிங் வாடை

விடுதிக்குப் படிக்கப் போன மகள், தன் நான்கு தங்கமீன்களை என்னிடம் ஒப்படைத்திருந்தாள். ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். தண்ணீர் வந்த ஒரு நாள், குழாயில் பிடித்த கையோடு தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினேன். சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன. பதறிப்போய் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“தண்ணியில பிளீச்சிங் வாடை அடிக்குதாக்கா?”

முகர்ந்தேன். குப்பென்று அடித்தது.

“பழைய தண்ணி இருந்தா உடனே மீன அதுல விடுங்க!”

கொல்லையில் திறந்திருந்த டிரம்மில் முந்தாநாள் தண்ணீர் இருந்தது. அதை வாளியில் எடுத்து மீன்களை அதில் விட்டேன். மூன்று பிழைத்தன. செத்த ஒன்றைப் பற்றி மகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தும் விட்டு, கால்வாசி மட்டுமே மாற்றுகிறேன். பிறகு ஒரு மீனும் தவித்ததில்லை.