செம்பனை ஆலைக்குள் விமலா

சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில், குடிநுழைவு வரிசையில் நின்றிருந்தபோது விமலாவின் கணவர் அழைத்தார். "விமலா போயிட்டா மோகன். நேத்து தலை வலிக்குதுன்னு படுத்தா. ஆஸ்பத்திரியில ஒன்னும் செய்ய முடியல." பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி முன்னே போகச் சொன்னார். போனேன். கடப்பிதழை எங்கே வைத்திருந்தேன் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

உலு திராமில் கணவரோடு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர் விமலா. நம் புகைப்படக் குழுவில் எல்லாரும் மெர்சிங் கடற்கரைக்கு விடியல் எடுக்கக் கிளம்பினால், அவர் மூடிய தொழிற்சாலைகளைத் தேடிப் போவார். "கடலை எல்லாரும் எடுக்கிறாங்க லா. இதை யாரு எடுப்பா?" என்பார். அவர் எடுத்த படங்களை நீங்கள் அறிவீர்கள். அவர் படம் எடுக்காமல் திரும்பிய நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்துக்குள் கைவிடப்பட்ட எண்ணெய் ஆலை அது. தோட்டக் காவலர் எங்கள் இருவரையும் அனுமதித்தார். "மழைக்கு முன்னாடி வந்துருங்க" என்றார். உள்ளே இருட்டு. கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே மட்டும் வெளிச்சம் விழுந்தது. விமலா கேமரா முக்காலியை நிறுத்திக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். "கேட்டீங்களா?"

எனக்கும் கேட்டது. யாரோ முனகும் சத்தம்.

பாய்லருக்குப் பின்னால் ஓர் இந்தோனேசிய இளைஞர் கிடந்தார். பழைய இரும்பு வெட்ட வந்தவர். வெட்டிய குழாய் அவர் காலின் மேல் விழுந்திருந்தது; ரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். தலைக்கு மேலே, அவர்கள் பாதி அறுத்துவிட்ட இரும்பு நடைபாதை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. காற்று வீசும்போதெல்லாம் அது கிறீச்சிட்டது.

"போலீஸைக் கூப்பிடாதீங்க" என்று மலாய் மொழியில் கெஞ்சினார் அவர். வேலை அனுமதி இல்லாதவர் என்று புரிந்தது.

"ஹிடுப் டூலு" என்றார் விமலா. முதலில் உயிரோடு இரு என்று பொருள். கேமராவின் வாரைக் கழற்றி அந்த இளைஞரின் தொடையில் இறுக்கிக் கட்டினார். ரத்தம் குறைந்தது, நிற்கவில்லை. கைப்பேசியில் லைன் இல்லை.

"ரோட்டுக்கு ஓடுங்க மோகன். போம்பாவைக் கூப்பிடுங்க."

"மேல பாருங்க விமலா. அது விழுந்துரும்."

"பார்த்துட்டேன். ஓடுங்க!"

செம்மண் பாதையில் ஓடினேன். சாலையோரம் லைன் கிடைத்து, தீயணைப்பு நிலையத்தை அழைத்தேன். பேசி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆலைக்குள் இருந்து ஏதோ விழும் ஓசை கேட்டது. திரும்பி ஓடிய அந்தத் தூரத்தை என்னால் இன்றும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. விழுந்தது கூரைத் தகரம். விமலா இருந்த இடத்திலேயே இருந்தார். அந்த இளைஞரின் ஊர் லொம்போக், பெயர் ரஹ்மட், மகள் பிறந்து மூன்று மாதம் என்பதையெல்லாம் கேட்டு அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்.

தீயணைப்பு வீரர்கள் நடைபாதைக்கு முட்டுக் கொடுத்தார்கள். வெளியே போகச் சொல்லி விமலாவை அதட்டினார்கள். அவர் ரஹ்மட்டின் கையை விடவில்லை. ரஹ்மட்டைத் தூக்குப்படுக்கையில் ஏற்றிய பிறகுதான் விமலா வெளியே வந்தார். தண்ணீர் போத்தலைக் கொடுத்தேன். வாங்கி, முதலில் கையில் இருந்த ரத்தத்தைக் கழுவினார்.

ரஹ்மட் பிழைத்தார். ஒரு பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. காயம் ஆறியதும் அதிகாரிகள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அது விமலாவை வருத்தியது. "நாம கூப்பிடலன்னா செத்திருப்பாரு" என்றேன். "தெரியும். இருந்தாலும் அந்தப் பிள்ளை என் கையைத்தானே நம்பிப் பிடிச்சுச்சு?" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் ஆலைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் எந்த வாசலிலும் முதலில் கேமராவை எடுக்க மாட்டார். உள்ளே பார்த்து, தமிழிலும் மலாயிலும் உரக்கக் கேட்பார்: "யாராச்சும் இருக்கீங்களா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எனக்கு அலுப்பாகக்கூட இருக்கும். அவர் அசைய மாட்டார்.

விமலாவின் காரியம் முடிந்த வாரம், மூடிக் கிடக்கும் ஒரு செங்கல் சூளைக்குத் தனியாகப் போனேன். வாசலில் நின்று குரல் கொடுத்தேன். பதில் வராது என்று தெரிந்தும், விமலா காத்திருக்கும் அளவுக்குக் காத்திருந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பைத்தான்.