இஸ்திரிப் பெட்டியின் ஆயுள்

அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவர் பார்த்த வேலை அப்படி. ஒரு இஸ்திரிப் பெட்டி மண்ணைத் தோண்டி உலோகம் எடுப்பதில் தொடங்கி, அச்சில் வார்க்கப்பட்டு, லாரி ஏறி, யாரோ வீட்டில் சட்டை தேய்த்து, கடைசியில் குப்பைக்குப் போகிற வரைக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்னென்ன கேடு செய்கிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து எழுதுவார். கட்டம் போட்டு ஆயுள் எழுதுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

நாற்பத்து நாலு வயது. சட்டை எப்போதும் கசங்கித்தான் இருக்கும். தேய்க்கும்போதுதான் பெட்டி அதிகமாக மின்சாரம் தின்கிறது என்று தன் கட்டப் படத்தையே அதற்குச் சாட்சிக்கு அழைப்பார். உண்மையான சாட்சி சோம்பேறித்தனம் என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

ஆனால் எடை போடுவதில் புலி. பெட்டியோடு வரும் கையேட்டை எடை போட்டார். அதில் குத்தியிருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கித் தனியாக எடை போட்டார். அந்தப் பின் எந்த ஊரில் தயாராகிறது என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினார். வீட்டில் சோப்பு உறையை அவர் தராசில் வைத்தபோது மனைவி, "அப்படியே என்னையும் ஒரு தடவ ஏத்திப் பாத்துடுங்க, மனசு ஆறட்டும்" என்றாள். அவர் அதையும் கொஞ்சம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த முறை அவர் படத்துக்கு ஒரு வேலை வந்திருந்தது. திருகாணியே இல்லாமல் ஒட்டி மூடிய புது மாடல் ஒன்றைக் கம்பெனி செய்து பார்த்திருந்தது. பழசைவிட அறுபது கிராம் பிளாஸ்டிக் குறைவு. சுற்றுச்சூழலுக்கு இதுதான் நல்லது என்று ஜோசியரின் படம் சொன்னால், வியாழக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுப் பழைய அச்சுகளை உடைத்துவிடுவார்கள். படம் அப்படித்தான் சொல்லியது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கட்டங்களை நம்பி யாரோ எதையோ செய்யப்போகிறார்கள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில், சோதிக்க வீட்டுக்குக் கொண்டுவந்த புது மாடல் பெட்டி சூடாகாமல் நின்றது. கொண்டுவந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒயர் பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில் விட்டுப்போயிருந்தது.

"பத்து வருஷம் உழைக்கும்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"நீ இழுத்து இழுத்துத் தேய்ச்சிருப்ப."

"தேய்க்கிறது நான். சூடு ஆறுறதுக்குள்ள ஒயர இறுக்கிச் சுத்தி அலமாரில வெக்கிறது யாரு?"

அவர்தான். அந்த வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை அது.

பெட்டியைப் பையில் போட்டு, தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்த சர்வீஸ் அறைக்கு எடுத்துப்போனார். பழுதாகி வரும் பெட்டிகளைப் பதினைந்து வருடமாகச் சரிசெய்கிற அம்மா அங்கே இருந்தார். பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க சார் தொறக்கிறது?"

"தொறக்க முடியாதும்மா. ஒட்டினது."

"அப்ப ஒயரு போனா?"

ஸ்டேப்ளர் பின் எந்த ஊரில் தயாராகிறது என்பது வரை கடிதம் எழுதி விசாரித்த ஜோசியர், இதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த அம்மா தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பழைய மாடலில் முக்கால்வாசி இரண்டாவது, மூன்றாவது வருடத்திலேயே வந்திருந்தது. எல்லாம் அதே கழுத்து, அதே ஒயர். நாலு திருகாணியைக் கழற்றி ஒயரை மாற்றி அனுப்பியிருந்தார். பல பெட்டிகள் மூன்று முறை வந்தும் ஒன்பதாவது வருடத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. புது மாடலுக்கும் ஒயர் அதேதான். மாற்ற வழி மட்டும் கிடையாது. பழைய பெட்டி ஒன்று உழைக்கிற காலத்துக்குப் புதுசில் மூன்று பெட்டி செய்தாக வேண்டும்.

அப்படியானால் இரண்டு மாடலுக்கும் பத்து வருடம் என்று படத்தில் எப்படி வந்தது? தன் இடத்துக்குப் போய்த் தேடினார். கம்பெனி விளம்பரத் துண்டறிக்கையிலிருந்து எடுத்திருந்தார். அச்சடித்தது, ஆகவே ஆதாரம். துண்டறிக்கை எழுதின பெண்ணிடம் போய், அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

"நீங்கதான் சார். மூணு வருஷம் முந்தி கேன்டீன்ல கேட்டேன். டீ குடிச்சுக்கிட்டே, 'ஒரு பத்து வருஷம் வரும், போட்டுக்கோ'ன்னீங்க."

காது மடல் வரை சூடேறியது. ஊரையெல்லாம் ஆதாரம் கேட்டுக் குடைந்தவர், தன் வாய்க்கு வந்ததைத் தானே சாட்சியாக எடுத்து வைத்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு நிமிடம் நினைத்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகவும் பிறகு வெட்கப்பட்டார்.

வியாழக்கிழமை மேனேஜர் பேனாவைத் திறந்தபோது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், டீ உள்பட. சுற்றி இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்து, புதுக் கணக்கை மேஜையில் வைத்தார்: பழைய மாடல் ஒன்பது வருடம், ஒட்டினது மூன்று.

மேனேஜர் சிரிக்கவில்லை. "போன நம்பரும் இதே மாதிரி அடிச்சுத்தான்யா சொன்ன. இத எத வெச்சு நம்பச் சொல்ற?"

"இத நான் சொல்லல சார். சர்வீஸ்ல இருக்கிற அம்மா சொன்னது."

"அப்ப சரி" என்று மேனேஜர் பேனாவை மூடினார்.