துலுக்காணம் வைத்த கால்வாய்க் கதவு

தெருக்காரர்களே, எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேனா பிடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. இவ்வளவு எழுத மூன்று நாள் ஆனது. எழுதுவதில் இத்தனை சந்தோஷம் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது, துலுக்காணம் போய்விட்டார் என்றார்கள். கிளாஸை வைத்துவிட்டுக் கால்வாய்க்கரைக்கு நடந்தேன். அவர் வீட்டுக்கு அதற்குப் பிறகுதான் போனேன்.

நம் தெரு வடிகால் கால்வாயில் விழும் இடத்தில் இரும்புக் கதவு வைத்தவர் அவர். தொழிற்சாலையில் பிட்டராக இருந்த கை. கதவுக்கு மேலே மட்டும் கீல். தெருத் தண்ணீர் தள்ளினால் திறக்கும். கால்வாய் ஏறித் திருப்பித் தள்ளினால் மூடிக்கொள்ளும். மாட்டிய அன்று கரையில் நின்று கிண்டல் செய்தோம்.

"இன்னா மாமே, கால்வாய்க்குக் கதவு வச்சிட்ட, காலிங் பெல் எப்போ?"

"உன் ஊட்டுக்குள்ள தண்ணி பெல் அடிச்சிட்டா வருது?" என்றார்.

அந்த வருஷத்து மழையில் ஒரு மத்தியானம் தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. போய்ப் பார்த்தேன். கதவு ஒரு சாண்தான் திறந்திருந்தது. வயலில் கூலி வேலை செய்து வளர்ந்தவன் நான். தண்ணீர் நின்றால் மடையைத் திறக்கத்தான் தெரியும். கதவைத் தூக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். மளமளவென்று வடிந்தது. சாயங்காலம் ஏரி நிரம்பிக் கால்வாய் ஏறியது. திறந்த வாய் வழியாக அத்தனையும் நம் வீடுகளுக்குள் வந்தது. அவர் வீட்டு அரிசிப் பானையும் மிதந்தது.

மறுநாள் தெருவே அவரைத் திட்டியது. "குப்பை சிக்கிக்கிச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூட்டை கட்டும் என் முடிச்சு அவருக்குத் தெரியும்.

"இது மாடா நைனா, கட்டி வைக்க? 'கட்டாதீர், தானே திறக்கும்'னு பெயிண்டுல எழுதித்தானே கீது?"

"எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணாத்தே."

கதவிலிருந்து அவிழ்த்து வந்திருந்த கயிற்றைச் சுருட்டினார். "அதை ஊருக்கு இன்னாத்துக்குச் சொல்லணும்? உடு" என்று கயிற்றை என்னிடம் கொடுத்தார். திட்டு முழுவதையும் அவரே வைத்துக்கொண்டார்.

அதனால்தான் இந்த வருஷம் தெருவில் மாலை வகுப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். போன மாதம் அவரைக் கரைக்குக் கூட்டிப்போய், கதவில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். இருமலுக்கு நடுவில் சிரித்தார். "இனிமே மழை நாள்ல நான் தூங்கலாம் நைனா."

அன்றைக்குக் கதவைக் கட்டியவன் நான்தான். நீங்கள் அவருக்குக் கொடுத்த வசவு எனக்கு வரவேண்டியது. இப்போது கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கயிறு என்னிடம் இருக்கிறது. கதவில் அவர் எழுதியது வெயிலில் பாதி உரிந்துவிட்டது. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம், மழை பிடிப்பதற்குள், மறுபடி எழுதுவேன், அந்த இரும்பின் மேல், பெரிய எழுத்தாக. கோணலாக இருந்தாலும் படித்துவிடுங்கள்.