திருடனுக்கென்று ஒரு மணிபர்ஸ்

என் கணவர் பினாங்கில் கால் வைப்பதற்கு முன்பே அந்த ஊர்த் திருடர்கள் அத்தனை பேரையும் அறிந்து வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் அவருக்கு ஒரு சித்தப்பா. ஒரு முறைகூடக் கப்பல் ஏறாதவர், ஆகவே அயல்நாடுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "பினாங்கு மண்ணுல இறங்கினதும் முதல்ல உன் பைக்குள்ள போற கை உன்னோடதா இருக்காது" என்று சொல்லி அனுப்பினார். ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலைக்குப் போகிறவர் அதைக் கேட்டுக்கொண்ட பக்தியைப் பார்த்தால், திருடர்களைப் பிடிக்கத்தான் அவரைச் சம்பளம் கொடுத்து வரவழைக்கிறார்களோ என்று தோன்றும்.

கப்பலிலேயே ஏற்பாடுகள் நடந்தன. என் அட்டிகை, வளையல்கள், தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, ஒரு சின்னத் தலையணைக்குள் வைத்துத் தானே தைத்தார். காதுத் துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க எனக்கு இரண்டு வேப்பங்குச்சி கிடைத்தது. கல்யாணமாகி எட்டு மாதத்தில், வெளிநாட்டுக்குப் போகும் பெண்ணுக்கு வேறென்ன அலங்காரம் வேண்டும்?

அவர் மிகவும் பெருமைப்பட்ட ஏற்பாடு இன்னொன்று. பழைய மணிபர்ஸ் ஒன்றில் செய்தித்தாளை நோட்டு அளவுக்கு நறுக்கி அடுக்கி, செல்லாத காசுகள் நாலைப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திருடன் வந்தா இதைத் தூக்கிப் போட்டுடுவேன். அவன் பொறுக்கிட்டு இருக்கறப்ப நாம போயிடலாம்" என்றார். திருடனுக்கென்று தனியாகப் பர்ஸ் வைத்திருந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் இறங்கியதும் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, கம்பெனி ஆளோடு அனுப்பிவிட்டோம். நாங்கள் இரண்டு பேரும் ரிக்‌ஷாவில். தலையணையை என்னிடம் தரவில்லை. பெண்பிள்ளை கையில் இருந்தால் கண்ணை உறுத்துமாம். தன் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டு, வழி முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் முறைத்துக்கொண்டே வந்தார். வண்டி இழுத்தவர் ஒரு சீனர், நாற்பது வயதிருக்கும். நல்ல வெயில். அவர் எங்களை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் இவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சூலியா தெரு முனையில் இறங்கிக் கூலியைக் கொடுத்துவிட்டு, வீட்டைத் தேடிச் சந்துக்குள் நடந்தோம். பத்தடி போயிருக்க மாட்டோம். பின்னால் சத்தம். அந்த ரிக்‌ஷாக்காரர் கத்திக்கொண்டே ஓடி வருகிறார்.

"திரும்பிப் பாக்காதே, நட!" என்றார் இவர். நடை ஓட்டமாயிற்று. நாங்கள் ஓட ஓட அவரும் ஓடினார். சிரமமே இல்லாமல் ஓடினார், தொழிலே அதுதானே. இவர் அந்தப் பர்ஸை எடுத்துப் பின்னால் வீசினார். ரிக்‌ஷாக்காரர் குனிந்து அதையும் எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தியபடி வந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்: "ஏங்க, தலையணை எங்கே?"

"உயிர் முக்கியமா, தலையணை முக்கியமா?" என்றார். நாலடி தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் பர்ஸும் மறு கையில் எங்கள் தலையணையுமாக அந்த மனிதர் வந்துகொண்டிருக்கிறார்.

"திருடன்! திருடன்!" என்று என் கணவர் அலறினார்.

ஒரு சீக்கியப் போலீஸ்காரர் வந்து ரிக்‌ஷாக்காரரின் கழுத்தைப் பிடித்தார். அவரோ மலாயில் கோபமாக என்னவோ சொல்லிப் பர்ஸையும் தலையணையையும் எங்கள் பக்கம் நீட்டினார். திருடியவன் பொருளோடு சொந்தக்காரனைத் துரத்துவதைப் போலீஸ்காரர் அன்றுதான் பார்த்திருப்பார். பிடியை விட்டார். பர்ஸைத் திறந்தார். நறுக்கிய காகிதக் கட்டைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். தலையணையை அமுக்கினார், உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. அதற்குமேல் அவர் ரிக்‌ஷாக்காரரைப் பார்க்கவே இல்லை.

அப்படித்தான் புது ஊரில் நாங்கள் முதன்முதலாக நுழைந்த கட்டடம் போலீஸ் ஸ்டேஷனாயிற்று. மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கிளார்க் இருந்தார்.

"எதுக்குங்க இந்தக் காகிதம்? மேலே ஒரு நல்ல நோட்டை வெச்சு ஆளை ஏமாத்துறவங்கதான் இப்படி வெச்சிருப்பாங்க."

"ஐயோ, இது திருடனுக்குக் கொடுக்க!"

"எந்தத் திருடனுக்கு? பேர் தெரியுமா?"

தலையணையைப் பிரித்து நகைகளை மேசைமேல் கொட்டினார்கள். பஞ்சு பறந்தது. யாருடையது, எங்கிருந்து எடுத்தது என்று கேள்விமேல் கேள்வி. வழி முழுக்கத் திருடர்களைத் தேடி வந்தவர், தானே திருடனாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னைக் கேளுங்க" என்றேன். "இடது தோட்டுத் திருகாணி மரை தேஞ்சுபோச்சு, சிவப்பு நூல் சுத்தியிருக்கும். அட்டிகையில மூணாவது கல் மட்டும் கொஞ்சம் மங்கல், மாத்தி வெச்சது. வளையல் என் கையில சுலபமா ஏறும், இதைவிடப் பெரிய கைன்னா சோப்பு போட்டாலும் ஏறாது."

கிளார்க் ஒவ்வொன்றாகப் பார்த்தார், தலையாட்டினார். பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர் வளையலைத் தன் கையில் போட்டுப் பார்த்தது சட்டப்படியா ஆசைப்பட்டா என்று தெரியவில்லை. "போட்டுக்கங்கக்கா" என்று கிளார்க் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளினார். வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே ஒவ்வொன்றாக அணிந்துகொண்டேன்.

வாசலில் அந்த ரிக்‌ஷாக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்காக அவரையும் போகவிடவில்லை. பாதி நாள் சவாரி போயிற்று. அவர் கழுத்தில் போலீஸ்காரரின் விரல் பதிந்த சிவப்பு தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கைகூப்பினேன். அந்த ஊரில் டாலரை வெள்ளி என்பார்கள்; என் கணவர் ஒரு வெள்ளி நோட்டை நீட்டினார். ரிக்‌ஷாக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

மறுபடி ரிக்‌ஷாவில் ஏற எங்களுக்குத் தைரியமில்லை. நகை மினுங்க நான் முன்னால் நடந்தேன். பஞ்சு உதிரும் தலையணையை அணைத்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்தபடி இவர் நாலடி பின்னால் வந்தார். பெரிய வீட்டம்மாள் யாரோ வேலையாளோடு போகிறாள் என்று பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். நான் அவர்களைத் திருத்தப் போகவில்லை.