பங்களாப் புல்தரையும் பெருச்சாளி நெல்லும்

வீட்டு ட்யூஷன் என்பது பாடம் சொல்லித்தருவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் நம் தலையில் கட்டுகிற தொழில். என்னைப்போல் பி.ஏ. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய வீடுகளில் இங்கிலீஷ் சொல்லித்தரப் போன சகோதரிகளுக்கு இது தெரியும். ஆனால் நான் எழுத வந்தது என் கஷ்டத்தை அல்ல. அநியாயம் நடந்தது பேச்சியம்மாளுக்கு. எலி வளையைத் தோண்டுகிறவருக்கே வளையில் கிடக்கும் நெல் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவள் அப்படித் தோண்டியெடுத்த நெல்லை நான் வேலை பார்த்த பங்களாவில் பிடுங்கிக்கொண்டார்கள்.

துரைமார் பிராணி

தேனிக்கு வெளியே வயலை ஒட்டி இருந்தது பங்களா. முதலாளி ஏலக்காய் வியாபாரி. மலைமேல் எஸ்டேட் துரை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, தம் வாசலிலும் புல்தரை போட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால் பச்சைப் புல்லின் நடுவே மண் குவியல் குவியலாகக் கிடக்கிறது. அவர் தம் மகளுக்கான பாடத்தை நிறுத்திவிட்டு, ஓர் இங்கிலீஷ் தோட்டப் புத்தகத்தை என் கையில் கொடுத்து அர்த்தம் சொல்லச் சொன்னார்.

புத்தகத்தில் ‘மோல்’ என்று போட்டிருந்தது. கண் சரியாகத் தெரியாது, வெல்வெட் போல் ரோமம், மண்புழுதான் ஆகாரம். “இது சீமைப் பிராணி. நம் ஊரில் கிடையாது. இங்கே தோண்டுவது பெருச்சாளி” என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“துரைமார் புல்லுப் போட்டா துரைமார் பிராணிதான் வரும். நீங்க மேல படிங்க, டீச்சரம்மா.”

கோம்பை நாய்

புத்தகத்தின் வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை. வளைக்குள் மிளகாய் வற்றல் புகை போட்டார்கள். பெருச்சாளி வரவில்லை, வீட்டிலிருந்தவர்கள்தான் இருமிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். பிறகு கோம்பையிலிருந்து ஒரு நாயை வாங்கிவந்தார். செம்மண் நிறத்தில், கறுத்த மூஞ்சியோடு நல்ல துடியான நாய். மோப்பம் பிடித்த இடத்தையெல்லாம் தோண்டியது. சாயங்காலத்துக்குள் புல்தரை உழுது போட்ட கொல்லை மாதிரி ஆகிவிட்டது.

முதலாளியின் மனைவி வாசலில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“பெருச்சாளியே தேவலைங்க. அது ராத்திரி மட்டுந்தான் தோண்டுச்சு.”

வாக்கு

அதற்கப்புறம்தான் பேச்சியம்மாள் தோளில் கடப்பாரையோடு வந்தாள். வயல்களில் வளை தோண்டுவது அவள் பிழைப்பு. யுத்த காலம். கடையில் நெல் இல்லை, இருக்கிற இடத்தில் அவளுக்குக் கொடுப்பாரில்லை. “கூலி வேணாங்கய்யா. மக பிள்ள பெத்துக் கெடக்கா, பச்ச ஒடம்பு. கஞ்சி காய்ச்ச வீட்டுல ஒரு மணி அரிசி கெடையாது. வளைக்குள்ள கெடக்கறது எனக்கு, அம்புட்டுத்தேன்” என்றாள்.

கூலி இல்லை என்றதும் முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

“உள்ள புதையலே இருந்தாலும் ஒனக்குத்தேன். அள்ளிக்கிட்டுப் போ.”

வளைக்குள் நெல்

வளை புல்தரையின் அடியில் ஓடி, மதிலைத் தாண்டி முதலாளியின் வயலுக்குப் போயிருந்தது. பேச்சியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள்வரை கையை விட்டு, கதிர் கதிராக இழுத்துப் போட்டாள். உள்ளே இருந்த இரண்டு பெருச்சாளிகளையும் அடித்துப் போட்டாள். முந்தானையில் கொள்ளாமல் சாக்குக் கேட்டு வாங்கி நெல்லைக் கட்டினாள். “இன்னைக்கு என் மக வயிறு நெறையும் ஆத்தா” என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மூட்டையைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. வயல் தம்முடையதாம், புல்தரை தம்முடையதாம், ஆகவே நெல்லும் தம்முடையதாம். “அப்படியானால் திருடின பெருச்சாளியும் உங்களுடையதுதானே? கொடுத்த வாக்கு யாருடையது?” என்று கேட்டேன். “பூச்சி பொட்டு கெடக்கும்னு நெனச்சுச் சொன்னேன். நெல்லுன்னா சொன்னேன்?” என்றார். மூட்டை உள்ளே போய்விட்டது. பேச்சியம்மாள் அழவில்லை. கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நெல்லு இல்லாத வளைய நான் எதுக்குங்கய்யா தோண்டுறேன்? ஒங்க புல்லு அழகு பாக்கவா?”

பூட்டின கதவு

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு தினமும் இதையே பேசினேன். சாப்பிட உட்கார்ந்தால் பேசினேன், காரில் ஏறினால் கதவருகே நின்று பேசினேன். சட்டம் பேசினேன், வழக்கம் பேசினேன். கடைசியில் அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, “அவளுக்கே குடுத்துத் தொலைங்க” என்றார்.

ஓட்டமாகப் பேச்சியம்மாள் குடிசைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஏலத்தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு அரிசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மலையேறிவிட்டாளாம். மழையும் குளிருமான அந்தக் காட்டுக்கு, காய்ச்சல் பிடித்தால் பிழைப்பது அரிது என்று ஊரே சொல்லும் இடத்துக்கு, பிள்ளை பெற்றவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்துக் குடிசைக்காரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பச்சப் பிள்ளய முதுகுல கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு நடக்க மாட்டாம நடந்து போச்சு. இப்ப வந்து எங்கனன்னு கேக்குறீக.”

பதில்

மலைக்குப் போகிற வண்டியிலாவது அந்த மூட்டையை ஏற்றிவிடலாம் என்று பங்களாவுக்குத் திரும்பி முதலாளியின் மனைவியிடம் கேட்டேன். காலேஜில் என்னோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது, இங்கேயும் நான்தான் ஜெயித்தேன், ஜெயித்த நெல்லுக்கு அந்த அம்மாள் முறுக்குச் சுற்றிக்கொண்டே சொன்ன பதில் இது:

“அதையா கேக்குறீக? எலி வாய் வச்ச நெல்ல மனுசர் திங்கலாமா, டீச்சரம்மா? அன்னைக்கே கோழிக்குப் போட்டாச்சே.”