இருபது நிமிடம் வலப்பக்கம்

ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு கோடு வரைவது அவர் வேலை. தாளில் குறுக்கே நேரம், நெடுக்கே தூரம். மெதுவாகப் போகும் ரயிலின் கோடு சோம்பேறிபோலச் சாய்ந்து படுக்கும். திரும்பி வரும் ரயிலின் கோடு கண்ணாடியில் பார்த்த மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். தாமதமாகக் கிளம்பினால் அதே கோடு, வளையாமல் நெளியாமல், அப்படியே வலப்பக்கம் நகர்ந்து உட்காரும். ஊரார் நேரத்தையெல்லாம் ஒழுங்குபடுத்திய மனிதருக்குச் சொந்த மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை.

மனைவி பக்கத்து நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். சாயங்காலம் அவள் வரும் ரயில் சந்திப்பு நிலையத்துக்குள் நுழையும்போது, வீட்டுப் பக்கம் போகும் கிளை ரயிலின் கடைசிப் பெட்டி வெளியேறிக்கொண்டிருக்கும். அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. விடியுமுன் வேலைக்குப் போகிற கோட்டுக்காரர் அதற்குள் தூங்கிவிடுவார். அந்தக் கிளை ரயிலின் கோட்டை வரைந்த புண்ணியவான் யார் என்பதை, வீட்டுக்கு எந்த உறவினர் வந்தாலும் அவள் சொல்லாமல் விட்டதில்லை.

இருபது நிமிடம் தள்ளினால் போதும். ஆனால் சொந்தக் காரியத்துக்காக ஒரு கோட்டையும் தொட்டதில்லை என்பது அவர் பெருமை. தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அது தொட்டுக்கொள்ள உதவியது. இந்த வருஷம் கால அட்டவணைக் கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தார்.

முன்பானால் மெல்லிய தாளில் கோட்டைப் படியெடுத்து, விரலால் நகர்த்தினால் ஆயிற்று. இப்போது கம்ப்யூட்டர், அதற்குச் சூத்திரம் வேண்டும். அடைப்புக்குறிக்குள் 'நேரம்' என்று இருந்த இடத்தில் 'நேரம் + 20' என்று தட்டினார். தாமதம் என்றால் கூட்டல்தானே? அச்சிட்டதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தன் கோட்டைத் தானே சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"என்ன சார், லேட்டாக்கணும்னு கேட்டிருக்கீங்க. வண்டி இருபது நிமிஷம் முன்னாடியே ஓடுதே?" என்றார் கூட்டத்தில் மேலதிகாரி அம்மாள்.

"சந்திப்புல வந்து இறங்கறவங்களுக்கு இதுவரைக்கும் கடைசிப் பெட்டியாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது," என்றார் சிக்னல் பிரிவுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் அச்சிட்ட தாளை அப்போதுதான் பார்த்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டது, அதுவும் தலைகீழாக.

மேலதிகாரி சிரிக்கவில்லை. "புது வண்டி ஆறே காலுக்கு எங்க இருக்கணும்? பழைய வண்டி அஞ்சு அம்பத்தஞ்சுக்கு இருந்த இடத்துல. அப்போ இருபதைக் கழிச்சுத்தானே பழைய கோட்டுக்கிட்ட கேக்கணும்? அடைப்புக்குறிக்குள்ள கழிச்சா கோடு வலது பக்கம் போகும். கூட்டினா இடது."

"கழிச்சா தாமதமா? அநியாயமா இருக்கே, மேடம்."

"வெளியில கூட்டியிருந்தா இன்னும் அநியாயம். கோடு மேல ஏறிடும். வண்டி நேரத்துக்குத்தான் கிளம்பும், ஆனா இருபது கிலோமீட்டர் தள்ளி, ஏதாவது வயக்காட்டுலேர்ந்து."

கோட்டுக்காரர் கூட்டலைக் கழித்தலாக்கினார். திரையில் கோடு சாதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. வேறெந்தக் கோட்டிலும் இடிக்கவில்லை.

"யாருக்காகக் கேக்கறீங்க?"

"சந்திப்புல தினமும் ஒரு கூட்டமே காத்திருக்கு, மேடம்." திரையைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டார். "அதுல என் வீட்டுக்காரியும் ஒருத்தி."

"இத்தனை வருஷம் உங்களை வீட்டுல விட்டுவெச்சாங்களே, அதுவே பெரிசு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

புதிய அட்டவணை வந்த முதல் சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாராட்டுக்காக அவர் காத்திருந்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

"என்ன இழுக்கறே?"

"இல்ல, அந்த ரெண்டு மணி நேரம் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சுல காலை நீட்டிக் கதைப் புத்தகம் படிப்பேன். அங்க நோயாளியும் கூப்பிட மாட்டாங்க, நீங்களும் கூப்பிட மாட்டீங்க."

"அப்புறம் ஏண்டி ஊரெல்லாம் என்னைத் திட்டினே?"

"அது வேற. தப்பு உங்க மேலதானே."

"பழையபடி மாத்திடவா?"

"ஐயோ, வேண்டாம். புதன்கிழமை மட்டும் வண்டியைத் தவற விட்டுடறேன்."

நியாயம் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. "இந்தப் புதனேவா?" என்று மட்டும் கேட்டார்.

"கதை பாதியில நிக்குதுங்க," என்றாள்.